கேமராவோட ரப்பர் மூடிய திறந்து பாருங்க

என் பாட்டி பேசினத ஒரு மணி நேரத்துக்கு மேல வீடியோ எடுத்தேன். அவங்க சின்ன வயசு கதை எல்லாம், நான் அதுவரைக்கும் கேட்டதே இல்லாத விஷயங்கள், அவங்களே சிரிச்சு அழுது சொன்னாங்க. நல்ல வெளிச்சம், ஃபோகஸ் சரியா இருந்துச்சு, புதுசா வாங்கின காலர் மைக்க அவங்க புடவையில மாட்டி ஒயர கேமராவுல சொருகினேன், அழகா உள்ள போய் உட்கார்ந்துச்சு, அதனால சரியாத்தான் இருக்கும்னு நினைச்சுட்டேன். ராத்திரி கம்ப்யூட்டர்ல போட்டு பாத்தா படம் இருக்கு, குரல் இல்ல. மெல்லிசா ஒரு இரைச்சல், அதுக்கு அடியில எங்கயோ தூரத்துல யாரோ பேசற மாதிரி ஒரு நிழல். வால்யூம் எவ்வளவு ஏத்தினாலும் ஒரு வார்த்தை கூட பிரிச்சு எடுக்க முடியல.

அன்னிக்கு ராத்திரிதான் முதல் தடவையா கேமரா பக்கவாட்டுல இருக்கற ரப்பர் மூடிய எல்லாம் ஒண்ணொண்ணா திறந்து வெச்சுக்கிட்டு, மேனுவல எடுத்து, எந்த ஓட்டை எதுக்குன்னு உக்காந்து படிச்சேன். கேமரா வாங்கி ரெண்டு வருஷம் ஆயிருந்துச்சு. லென்ஸ் பத்தி அவ்வளவு படிச்சிருக்கேன், சென்சார் பத்தி படிச்சிருக்கேன், இந்த மூடிக்கு பின்னாடி என்ன இருக்குன்னு மட்டும் கேட்டுக்கவே இல்ல. அதுக்கப்புறம் பல கேமராவ கையில வெச்சு பாத்தாச்சு, எல்லாத்துலயும் திரும்ப திரும்ப ஒரே விஷயம்தான் ஆள ஏமாத்துது. ஒரு பின் உள்ள நுழையுதுங்கறதால அது வேலை செய்யும்னு அர்த்தம் கிடையாது. ஓட்டையோட வடிவம் வேற, அது வழியா என்ன போகுது என்ன வருதுங்கறது வேற. இத மனசுல வெச்சுக்கிட்டுதான் இந்த பதிவ எழுதறேன், யாராவது ஒருத்தர் தன்னோட பாட்டி குரல தொலைக்காம இருந்தா எனக்கு போதும்.

முதல்ல மைக் ஜாக். கேமராவுல இருக்கற மைக் ஓட்டை பெரும்பாலும் 3.5 மில்லிமீட்டர், நம்ம பழைய ஹெட்ஃபோன் பின் அளவுதான். சில சின்ன கேமராவுல மட்டும் 2.5 மில்லிமீட்டர் வரும், அதுக்கு கன்வர்ட்டர் வேணும். அளவு ஒண்ணா இருந்தாலும் பின்ன நல்லா உத்து பாருங்க, அதுல கருப்பு வளையம் எத்தனை இருக்குன்னு எண்ணுங்க. ரெண்டு கருப்பு வளையம் இருந்தா அது டிஆர்எஸ், உலோகம் மூணு துண்டா பிரிஞ்சிருக்கும், நுனி இடது பக்க சத்தம், நடு வளையம் வலது பக்க சத்தம், அடிப்பாகம் கிரவுண்ட், அதாவது எல்லா சிக்னலுக்கும் பொதுவான திரும்பற வழி. மூணு கருப்பு வளையம் இருந்தா அது டிஆர்ஆர்எஸ், உலோகம் நாலு துண்டு. இது போனுக்காக செஞ்சது, ஏன்னா போன்ல ஒரே ஓட்டை வழியா பாட்டு வெளிய போகணும், பேசறது உள்ள வரணும். அதனால போன் பின்ல முதல் ரெண்டு துண்டு காதுக்கு போற சத்தம், மூணாவது கிரவுண்ட், மைக் சிக்னல் கடைசி துண்டுல வருது.

இப்போ அந்த போன் மைக்க கேமராவுல சொருகினா என்ன ஆகும்? கேமரா மைக் சத்தத்த நுனியிலயும் நடு வளையத்துலயும் தேடுது. மைக்கோ சத்தத்த அடிப்பாகத்துல அனுப்புது, கேமராவுக்கு அது கிரவுண்ட். தேடற இடத்துல ஒண்ணும் இல்ல. நான் வாங்கின காலர் மைக் போனுக்கானது, டப்பாவுல சின்ன எழுத்துல போட்டிருந்துச்சு, நான் பாக்கல. இதுக்கு தீர்வு ரொம்ப சின்னது, டிஆர்ஆர்எஸ்ல இருந்து டிஆர்எஸ்க்கு மாத்தற விரல் நீள அடாப்டர் ஒண்ணு போதும், சில மைக்கோட கூடவே வரும்.

அப்போ கேமராவுக்குள்ளயே ஒரு மைக் இருக்கே, அதாச்சும் பதிவு பண்ணியிருக்கணுமேன்னு நானும் கேட்டேன். வெளி மைக் ஜாக்ல ஏதாவது ஒரு பின் நுழைஞ்ச உடனே கேமரா தன்னோட சொந்த மைக்க ஆஃப் பண்ணிடும், பெரும்பாலான கேமரா இப்படித்தான். நீங்க சொருகினது வேலை செய்யுதா இல்லையான்னு அது பாக்காது, பின் வந்துச்சா, சரி நம்ம வேலை முடிஞ்சுதுன்னு ஒதுங்கிடும். அதாவது அன்னிக்கு நான் எதையும் சொருகாம சும்மா இருந்திருந்தா கூட பாட்டி குரல் கிடைச்சிருக்கும். இத தெரிஞ்சுக்கிட்டப்போதான் எனக்கு ரொம்ப வலிச்சுது.

மைக் ஜாக்ல இன்னொரு விஷயம் இருக்கு, கரண்ட். கேமரா மைக் ஓட்டை சத்தத்த வாங்கறது மட்டும் இல்லாம, ரெண்டு மூணு வோல்ட் அளவுக்கு சின்னதா மின்சாரமும் குடுக்கும், இத பிளக் இன் பவர்னு சொல்லுவாங்க. பேட்டரி இல்லாத சின்ன மைக் எல்லாம் அதுலதான் ஓடுது. மேடையிலயும் ஸ்டுடியோவுலயும் வர்ற மூணு முள் எக்ஸ்எல்ஆர் மைக்ல நிறைய மாடலுக்கு மைக் ஒயர் வழியாவே வர்ற 48 வோல்ட் மின்சாரம், அதாவது ஃபேண்டம் பவர் தேவை, அத கன்வர்ட்டர் ஒயர் போட்டு கேமராவுல சொருகினா பின் நல்லா நுழையும், மைக் உயிரோட வராது. நடுவுல அந்த 48 வோல்ட்ட குடுக்கற ஒரு ப்ரீஆம்ப்போ (மைக் சத்தத்த ஏத்தி குடுக்கற பெட்டி) இல்ல ரெக்கார்டரோ வேணும். இதுக்கு நேர் எதிரான தப்பும் உண்டு. மிக்ஸர்ல இருந்து வர்ற லைன் சத்தத்த நேரா மைக் ஓட்டையில குடுத்தா கேமரா தாங்காது, மைக் சிக்னல் சில மில்லி வோல்ட்தான், லைன் சிக்னல் அத விட பல மடங்கு பெருசு, சத்தம் எல்லாம் கிழிஞ்சு போய் பதிவாகும், பின்னாடி எந்த சாஃப்ட்வேர் வெச்சும் அத ஒழுங்கா மீட்க முடியாது. சில கேமரா மெனுவுல மைக்கா லைனான்னு தேர்ந்தெடுக்க வழி இருக்கு, உங்களுதுல இருக்கான்னு ஒரு தடவை தேடி பாருங்க. இல்லன்னா சத்தத்த குறைச்சு அனுப்பற அட்டென்யுவேட்டர் ஒயர் போடணும்.

மைக் ஓட்டைக்கு பக்கத்துலயே அதே 3.5 அளவுல இன்னொரு ஓட்டை இருக்கலாம், ஹெட்ஃபோன் படம் போட்டிருக்கும். எனக்கு இப்போ ஒரு கேமராவுல முதல்ல பாக்கற விஷயம் இதுதான், அது இல்லாத கேமராவ வீடியோவுக்குன்னு நான் இனிமே வாங்க மாட்டேன். ஸ்கிரீன்ல ஆடற பச்சை கோடு சத்தம் வருதுன்னு சொல்லும், அது பேச்சா இரைச்சலா, புடவை மைக்ல உரசற சத்தமா, ஃபேன் காத்தான்னு சொல்லாது. காதுல கேட்டாதான் தெரியும். ரெண்டு ஓட்டையும் ஒரே அளவுங்கறதால மைக்க ஹெட்ஃபோன் ஓட்டையில சொருகிட்டு திணறறவங்களையும் பாத்திருக்கேன், அவசரத்துல யாருக்கும் வரும், அதனால படத்த பாத்து சொருகுங்க. ஹெட்ஃபோன் ஓட்டை இல்லாத கேமராவா இருந்தா பத்து செகண்ட் எடுத்து, நிறுத்தி, அங்கயே ஓட்டி கேட்டுட்டு அப்புறம் ஆரம்பிங்க.

பாட்டிய நான் திரும்ப உக்கார வெச்சேன், சில வாரம் கழிச்சு. இந்த தடவை காதுல ஹெட்ஃபோன். அவங்க அதே கதைய சொல்லல, வேற சொன்னாங்க, அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா முதல் நாள் சொன்னது திரும்ப வரல.

சரி, யூஎஸ்பிக்கு வர்றேன், இங்கதான் குழப்பம் அதிகம். பழைய டிஜிட்டல் கேமராவுல மினி யூஎஸ்பி இருக்கும், கொஞ்சம் தடியா, ஓரம் சரிஞ்ச மாதிரி வடிவம். அப்புறம் வந்தது மைக்ரோ யூஎஸ்பி, பழைய ஆண்ட்ராய்ட் போன்ல இருந்த அதே தட்டையான சின்னது. யூஎஸ்பி 3 வந்தப்போ அந்த மைக்ரோவுக்கு பக்கத்துலயே இன்னொரு சின்ன ஓட்டைய ஒட்ட வெச்ச மாதிரி ஒரு அகலமான போர்ட் சில பெரிய கேமராவுல வந்துச்சு, வெளியில மாட்டற ஹார்ட் டிஸ்க்ல பாத்திருப்பீங்க. அந்த ஒயர் தொலைஞ்சிடுச்சுன்னு கவலைப்படறவங்களுக்கு ஒரு நல்ல சேதி, அகலமான பக்கத்துல சாதா மைக்ரோ யூஎஸ்பி ஒயரும் நுழையும், வேகம் மட்டும் பழைய யூஎஸ்பி 2 வேகத்துக்கு இறங்கிடும், ஆனா ஃபோட்டோ வந்து சேரும். இப்போ எல்லாரும் டைப் சிக்கு வந்துட்டாங்க. ஐரோப்பிய யூனியன்ல 2024 டிசம்பர் 28ல இருந்து விக்கற போன், டேப்லெட்டோட டிஜிட்டல் கேமராவும் ஒயர்ல சார்ஜ் ஆகறதா இருந்தா டைப் சி வெச்சிருக்கணும்னு சட்டமே வந்துடுச்சு, ஒரு ஊருக்குன்னு தனியா கேமரா செய்ய மாட்டாங்க, அதனால அந்த பலன் எல்லாருக்கும் வருது.

ஆனா டைப் சிங்கறது வடிவத்தோட பேரு, வேகத்தோட பேரு இல்ல. இது நிறைய பேருக்கு தெரியல, எனக்கும் ரொம்ப நாள் தெரியல. ஒரே மாதிரி இருக்கற டைப் சி ஓட்டைக்கு பின்னாடி 2000ல வந்த யூஎஸ்பி 2 இருக்கலாம், நொடிக்கு 480 மெகாபிட், இல்ல 5 கிகாபிட் இருக்கலாம், 10 கிகாபிட் கூட இருக்கலாம். வெளிய இருந்து பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. எட்டு பிட் சேர்ந்தாதான் ஒரு பைட், யூஎஸ்பி 2ல நிஜத்துல நொடிக்கு 35, 40 மெகாபைட் வந்தாலே பெருசு, அந்த கணக்குல 64 ஜிபி கார்ட் முழுசா இறங்க அரை மணி நேரம் ஆகும். அதே கார்ட கழட்டி ஒரு நல்ல யூஎஸ்பி 3 கார்ட் ரீடர்ல போட்டு, கார்டும் நொடிக்கு 90 மெகாபைட் குடுக்கற கார்டா இருந்தா, 12 நிமிஷத்துல முடிஞ்சுடும். அதனால கேமராவோட ஸ்பெசிஃபிகேஷன்ல டைப் சின்னு போட்டிருக்கறத பாத்து சந்தோஷப்படறதுக்கு முன்னாடி அதே வரியில ஹை ஸ்பீடா சூப்பர் ஸ்பீடான்னு பாருங்க. ஹை ஸ்பீட்னா அது பழைய 480தான், பேருதான் வேகமா இருக்கு.

ஒயரும் இதே கதைதான். சில ஒயர் சார்ஜ் பண்ண மட்டும், உள்ள கரண்ட் போற ரெண்டு கம்பிதான் இருக்கும், டேட்டா கம்பியே இருக்காது. அத போட்டு கேமராவ கம்ப்யூட்டர்ல சொருகினா சார்ஜ் ஏறும், கம்ப்யூட்டருக்கு கேமரா வந்ததே தெரியாது, நாம டிரைவர தேடி, ரீஸ்டார்ட் பண்ணி, கேமரா கெட்டுப்போச்சுன்னு பயந்து பாதி நாள் போயிடும். கம்ப்யூட்டர் கேமராவ கண்டுக்கலன்னா முதல் வேலையா ஒயர மாத்துங்க, அப்புறம்தான் மத்ததெல்லாம்.

ஒயர மாத்தியும் வரலன்னா மெனுவுல யூஎஸ்பி கனெக்‌ஷன்னு ஒரு இடம் இருக்கும், அதுல மாஸ் ஸ்டோரேஜ், எம்டிபி, பிடிபி, பிசி ரிமோட் இப்படி ஏதாவது இருக்கும். மாஸ் ஸ்டோரேஜ்ல வெச்சா கம்ப்யூட்டர் உங்க கார்ட ஒரு பென் டிரைவ் மாதிரி பாக்கும், ஃபைல காப்பி பண்ண சுலபம், ஆனா அந்த நேரத்துல கேமராவால படம் எடுக்க முடியாது, ஏன்னா கார்ட் கம்ப்யூட்டர் கையில இருக்கு. பிடிபிங்கறது கேமராவுக்குன்னே செஞ்ச பேச்சு மொழி, இதுல கம்ப்யூட்டர் கேமராவ ஒரு கேமராவா பாக்குது, கேமராவுல வசதி இருந்தா அங்க இருந்தே ஷட்டர் அடிக்கலாம், ஐஎஸ்ஓ மாத்தலாம், எடுத்த படம் உடனே பெரிய ஸ்கிரீன்ல வரும். டெதரிங்னு சொல்றது இதத்தான். பொருள் வெச்சு படம் எடுக்கறவங்க ஒரு தடவை இத பண்ணி பாத்தா அப்புறம் விட மாட்டாங்க, கேமரா பின்னாடி இருக்கற மூணு இஞ்ச் ஸ்கிரீன்ல தெரியாத தூசியும் ஃபோகஸ் பிசகும் கம்ப்யூட்டர்ல பளிச்சுன்னு தெரியும்.

2020ல எல்லாரும் வீட்டுல உக்காந்து வீடியோ கால் பேச ஆரம்பிச்சப்போ கேமரா கம்பெனிங்க அவசர அவசரமா வெப்கேம் சாஃப்ட்வேர் குடுத்தாங்க, அதே யூஎஸ்பி ஓட்டை வழியாவே படம் நேரா கம்ப்யூட்டருக்கு போகும்படியா. அதுக்கப்புறம் வந்த பல கேமராவுல சாஃப்ட்வேரே வேண்டாம், சொருகினா கம்ப்யூட்டர் அத வெப்கேம்னே எடுத்துக்கும், யூவிசின்னு ஸ்பெசிஃபிகேஷன்ல போட்டிருக்கும். புது கேமராவுல சிலது யூஎஸ்பி வழியா வெளி எஸ்எஸ்டியில நேராவே வீடியோ பதிவு பண்ணும், 2018ல வந்த பிளாக்மேஜிக் பாக்கெட் சினிமா கேமரா 4கே அத பண்ணுச்சு.

சார்ஜிங் பத்தி கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா என்கிட்ட அதிகமா கேக்கறது இதுதான். யூஎஸ்பி ஓட்டை இருக்கற எல்லா கேமராவும் யூஎஸ்பில சார்ஜ் ஆகாது, பழைய பல கேமராவுல அது டேட்டாவுக்கு மட்டும். சார்ஜ் ஆகற கேமராவுலயும் சிலது ஆஃப்ல இருந்தாதான் சார்ஜ் ஆகும், ஆன் பண்ணா நின்னுடும். இன்னும் சிலது ஓடிக்கிட்டே கரண்ட் எடுத்துக்கும், ஆனா அதுல பலதுக்கு சாதா 5 வோல்ட் சார்ஜர் பத்தாது, பவர் டெலிவரி இருக்கற சார்ஜரோ பவர் பேங்கோ வேணும். பவர் டெலிவரிங்கறது சார்ஜரும் கேமராவும் பேசிக்கிட்டு எவ்வளவு வோல்ட் வேணும்னு முடிவு பண்றது, 5ல ஆரம்பிச்சு 9, 15, 20ன்னு போகும், கேக்காம ஏத்தாது, அதனால பெரிய லேப்டாப் சார்ஜர சொருகினா கேமரா எரிஞ்சுடும்னு பயப்பட வேண்டாம்.

டைப் சி ஓட்டை இருக்கற சில சாதனம் மட்டும், ரெண்டு பக்கமும் டைப் சி இருக்கற ஒயர்ல சார்ஜே ஆகாது, பழைய நீள்சதுர யூஎஸ்பி ஒரு பக்கம் இருக்கற ஒயர்ல ஆகும். ஏன்னு ரொம்ப நாள் மண்டைய குடைஞ்சுது. டைப் சி சார்ஜர் எதிர்ல ஒரு சாதனம் இருக்குன்னு தெரியற வரைக்கும் கரண்டே விடாது, அத தெரிஞ்சுக்க சாதனத்துக்குள்ள 5.1 கிலோ ஓம்ல குட்டி ரெசிஸ்டர் இருக்கணும், சில மலிவான சாதனத்துல அத வைக்காம விட்டுடறாங்க. பழைய நீள்சதுர யூஎஸ்பில 5 வோல்ட் எப்பவும் வந்துக்கிட்டே இருக்கும், யார் எதிர்ல இருந்தாலும் கேக்காது, அதனால அது வேலை செய்யுது. வயர்லெஸ் மைக், சின்ன எல்ஈடி லைட், மானிட்டர்னு கேமராவோட மாட்டற சாமான்ல இது அதிகமா வருது. அதுக்குன்னே நான் ஒரு பழைய மாதிரி ஒயர பையிலயே போட்டு வெச்சிருக்கேன்.

சில கேமராவுல யூஎஸ்பியே இல்லாத வழியில கரண்ட் குடுக்கலாம், பேட்டரி மாதிரியே இருக்கற டம்மி பேட்டரி, அதுல இருந்து ஒரு ஒயர் வெளிய வரும். பேட்டரி மூடி ஓரத்துல சின்ன ரப்பர் துண்டு ஒண்ணு இருக்கு இல்ல, அது அந்த ஒயர் வெளிய வரத்தான். ரொம்ப நேரம் ஒரே இடத்துல வெச்சு எடுக்கறவங்களுக்கு இத விட நிம்மதி வேற இல்ல. வோல்ட் மட்டும் ஒரிஜினல் பேட்டரியில போட்டிருக்கறதுக்கு ஒத்து வரணும்.

எச்டிஎம்ஐ. இதுல மூணு அளவு, டிவியில இருக்கற முழு அளவு சுமார் 14 மில்லிமீட்டர் அகலம், மினி சுமார் 10, மைக்ரோ சுமார் 6. மூணுலயும் உள்ள 19 முள்ளுதான். 14 மில்லிமீட்டர்ல நிம்மதியா உக்காந்திருந்த 19 முள்ள 6 மில்லிமீட்டர்ல அடைச்சா எவ்வளவு மென்மையா இருக்கும்னு யோசிச்சு பாருங்க, மைக்ரோ எச்டிஎம்ஐ ஏன் இவ்வளவு சீக்கிரம் ஆடிப்போகுதுங்கறதுக்கு பதில் அதுலயே இருக்கு. மைக்ரோ எச்டிஎம்ஐயும் மைக்ரோ யூஎஸ்பியும் கிட்டத்தட்ட ஒரே அகலம், இருட்டுல தடவி பாத்து அழுத்தாதீங்க, தயவு செஞ்சு.

இந்த ஓட்டை வழியா படமோ சத்தமோ உள்ள வராது, வெளிய மட்டும்தான் போகும். டிவியில ஃபோட்டோ பாக்க, கேமரா மேல பெரிய மானிட்டர் மாட்ட, கேப்சர் கார்ட் (எச்டிஎம்ஐ படத்த கம்ப்யூட்டருக்குள்ள வாங்கற கருவி) வழியா லைவ் போட, இல்ல வெளி ரெக்கார்டர்ல பதிவு பண்ண. கேப்சர் கார்ட்ல மாட்டினதும் படத்து மேல பேட்டரி அளவு, ஐஎஸ்ஓ, ஃபோகஸ் கட்டம் எல்லாம் சேர்ந்து போகுதுன்னா மெனுவுல எச்டிஎம்ஐ தகவல ஆஃப் பண்ணணும், சுத்தமான படம் மட்டும் போகும், கிளீன் எச்டிஎம்ஐன்னு சொல்றது இதுதான். சில விலை குறைஞ்ச மாடல்ல அந்த வசதியே இருக்காது, ஓட்டை அதேதான், ஆனா எழுத்தோடதான் படம் வரும். லைவ்க்காக கேமரா வாங்கறவங்க முதல்ல கேக்க வேண்டிய கேள்வி இது.

வெளி ரெக்கார்டர் ஏன் வாங்கறாங்கன்னா, சில கேமரா தன்னோட கார்ட்ல 8 பிட் (நிறத்த எத்தனை படியா பிரிக்குதுங்கற கணக்கு) பதிவு பண்ணும், எச்டிஎம்ஐ வழியா 10 பிட் அனுப்பும், கலர் வேலை செய்யறவங்களுக்கு அது பெரிய வித்தியாசம். இன்னொரு காரணம் அந்த 29 நிமிஷம் 59 செகண்ட் தடை. பழைய கேமரா நிறைய அந்த இடத்துல தானா நின்னுடும். ஐரோப்பாவுல ஒரே மூச்சுல 30 நிமிஷம் அதுக்கு மேல பதிவு பண்ற கேமராவ வீடியோ கேமரான்னு கணக்கு வெச்சு கூடுதல் சுங்க வரி போட்டாங்க, அதுக்கு பயந்து ஒரு செகண்ட் குறைச்சு நிறுத்தினாங்க. கார்ட்ல பதிவு பண்றதுக்குதான் அந்த தடை, எச்டிஎம்ஐ வழியா படம் போய்க்கிட்டே இருக்கும், ரெக்கார்டர் நிக்காது.

ரொம்ப பழைய கேமராவுல மஞ்சள் பின் போற ஏவி அவுட் இருக்கும், பழைய டிவிக்கு. அத பத்தி சொல்ல இப்போ ஒண்ணும் இல்ல. விளையாட்டு ஃபோட்டோ எடுக்கறவங்களோட பெரிய கேமராவுல லேன் ஒயர் ஓட்டையே இருக்கும், 2012ல வந்த நிகான் டி4, கேனான் 1டி எக்ஸ் ரெண்டுலயும் இருந்துச்சு, மைதானத்து ஓரத்துல உக்காந்துக்கிட்டே படத்த ஆபீசுக்கு அனுப்பிடுவாங்க.

ரிமோட் ஓட்டை எனக்கு ரொம்ப பிடிச்சது, ஏன்னா அவ்வளவு எளிமை. பல மாடல்ல உள்ள மூணே தொடர்பு, கிரவுண்ட், ஃபோகஸ், ஷட்டர். ஃபோகஸ கிரவுண்டோட தொட வெச்சா பாதி அழுத்தின மாதிரி, ஷட்டர தொட வெச்சா முழுசா அழுத்தின மாதிரி. கம்ப்யூட்டர் மூளையே தேவையில்லாத வேலை, ஒயர் ரிலீஸ்னு விக்கறது ரெண்டு சுவிட்ச்தான். கேனானோட சின்ன மாடல்ல இது 2.5 மில்லிமீட்டர் பின், பெரிய மாடல்ல வேற மாதிரி, நிகான் பெரிய மாடல்ல வட்டமா பத்து முள், சோனியில மல்டி டெர்மினல்னு ஒண்ணு, பாக்க மைக்ரோ யூஎஸ்பி மாதிரியே இருக்கும், சாதா மைக்ரோ யூஎஸ்பி ஒயரும் அதுல போகும், ஆனா அடியில கூடுதலா முள் இருக்கு, ரிமோட்டுக்கு அதுதான் வேலை செய்யும். ராத்திரி நட்சத்திரம் எடுக்க ரெண்டு நிமிஷம் ஷட்டர திறந்து வெக்கணும்னா விரல் வெச்சு அழுத்தினா கேமரா ஆடும், இந்த ஒயர்தான் கை குடுக்கும்.

கடைசியா ஒரு குட்டி வட்டமான ஓட்டை, பெரிய கேமராவுல முன்பக்கமோ ஓரத்துலயோ, பிசி சிங்க்னு பேரு. பிசின்னதும் கம்ப்யூட்டர்னு நினைச்சு ஒயர் தேடினவங்க உண்டு. அதுக்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தமே இல்ல, ப்ரோண்டார், காம்பூர்னு ரெண்டு பழைய ஜெர்மன் ஷட்டர் இருந்துச்சு, அந்த ரெண்டு பேரோட முதல் எழுத்து. ஷட்டர் திறக்கற அதே நொடியில ஃபிளாஷ அடிக்க சொல்ற ஓட்டை, அவ்வளவுதான். இங்க ஒரு விஷயத்துல மட்டும் கவனமா இருங்க. வீட்டுல கிடக்கற, ஃபிலிம் கேமரா காலத்து ஃபிளாஷ எடுத்து ஆசையா டிஜிட்டல் கேமராவுல மாட்டாதீங்க, இந்த ஓட்டையிலயும் சரி, மேல ஃபிளாஷ் மாட்டற ஹாட் ஷூலயும் சரி. அந்த ஃபிளாஷ்ல சிலது தொடர்பு முள்ளுல 200 வோல்ட்டுக்கு மேல வெச்சிருக்கும். பழைய கேமராவுல அங்க இருந்தது ரெண்டு உலோகத் தகடு, தாங்குச்சு. இப்போ இருக்கறது எலெக்ட்ரானிக் சுவிட்ச், எல்லா மாடலும் அத தாங்காது. எவ்வளவு வோல்ட் தாங்கும்னு கேமரா மேனுவல்ல பாத்துட்டு, ஃபிளாஷ அளக்க தெரிஞ்சவங்க கிட்ட குடுத்து அளந்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. பழைய ஃபிளாஷ விட மனசில்லன்னா நடுவுல அந்த வோல்ட்ட தாங்கற வயர்லெஸ் டிரிகர் போட்டா கேமரா அதுக்கு தொடர்பே இல்லாம தப்பிச்சுடும்.

இவ்வளவும் தெரிஞ்சதுக்கு அப்புறம் என் பழக்கம் கொஞ்சம் மாறிப்போச்சு. போர்ட் ஆயுசுக்கு ஒரு கணக்கு இருக்கு, மினி யூஎஸ்பிக்கு 5000 தடவை, மைக்ரோவுக்கும் டைப் சிக்கும் 10000 தடவை சொருகி எடுக்கலாம்னு வெச்சு வடிவமைச்சாங்க. மைக்ரோவுல பிடிச்சுக்கற ஸ்பிரிங்க சாதனத்துல இருந்து ஒயர் பக்கத்துக்கு மாத்தினாங்க, தேயறது ஒயரா இருக்கட்டும்னு, நல்ல யோசனை. ஆனா நான் பாத்த வரைக்கும் எந்த போர்ட்டும் எண்ணிக்கையால சாகல, இழுப்புலதான் சாகுது. யாரோ ஒயர்ல கால் தடுக்கி, கேமரா சாயறப்போ முழு எடையும் அந்த 6 மில்லிமீட்டர் ஓட்டைக்கு வருது, உள்ள போர்டுல இருந்து சால்டர் விட்டுடும், ரிப்பேர்னா மெயின் போர்டயே மாத்தணும்னு சொல்லுவாங்க. கேமரா டப்பாவுல ஒயர பிடிச்சுக்கற பிளாஸ்டிக் கிளாம்ப் வந்திருந்தா எடுத்து மாட்டுங்க, நிறைய பேர் அது என்னன்னே தெரியாம டப்பாவோட பரண்ல போட்டுடறாங்க. இல்லன்னா ஒயர ஒரு சுத்து டிரைபாட்லயோ கேமரா பட்டையிலயோ கட்டி, போர்ட் பக்கம் கொஞ்சம் தொளதொளன்னு விடுங்க, இழுப்பு கட்டுல நிக்கும்.

என் பையில இருக்கற ஒவ்வொரு ஒயர்லயும் இப்போ ஒரு சின்ன துணி டேப் ஒட்டி எழுதியிருக்கேன். டேட்டா, சார்ஜ் மட்டும், 10 கிகாபிட், கேமரா மைக், போன் மைக். அந்த பழைய காலர் மைக்கும் இருக்கு, அடாப்டர அதோடவே சேர்த்து டேப் சுத்திட்டேன், பிரியாது. பாட்டியோட ரெண்டாவது வீடியோவ எடுத்தது அதே மைக்லதான்.